திரசேயா செய்யாதவை: பதுவை நாட்குறிப்பு

நவம்பர் 3
ஆபீஸ் விசாரணைக் கடிதம் வரவில்லை. காலையிலிருந்து பனிமூட்டம். எதிர்வீட்டு ஜன்னல்கூடத் தெரியவில்லை.

நவம்பர் 4
டிராமைப் பிடிக்காமல் பிராத்தோ தெல்லா வாலே சதுக்கம் வழியாக நடந்தே வந்தேன். வாய்க்காலின் இரு கரையிலும் 78 கற்சிலைகள். நம்மவர்களுக்குப் பதுவை என்றால் அந்தோனியார்தான். அவர் கோயிலும் பக்கத்தில்தான் இருக்கிறது. ஆனால் என் கால் போய் நிற்பது திரசேயா பைட்டஸ் சிலை முன்னால். கி.பி. 56-இல் ரோமில் கான்சல் என்ற உச்சப் பதவி வகித்த செனட்டர், இந்த ஊர்க்காரர். பழைய திராய் நகரத்திலிருந்து வந்த அந்தேனோர் தொடங்கியதாகச் சொல்லும் விழாவில் நாடக வேஷம் கட்டி இங்கே பாடியிருக்கிறார். ரோமச் சக்கரவர்த்தி நீரோ நடத்திய விழாவில் மட்டும் பட்டும் படாமலும் இருந்தார். சொந்த ஊரில் பாடத் தெரிந்தவருக்கு என் விழா என்றால் கசக்கிறதா என்று நீரோவின் மனதில் அது முள்ளாகத் தைத்துவிட்டது.

இடது கையில் கருப்பாக மழைக்கறை வழிந்திருந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 5
தூக்கம் இல்லை. அந்த மீட்டிங்தான் திரும்பத் திரும்ப.

ஒன்பது கைகள் உயர்ந்தன. என் கை மேஜைக்கு அடியில், முழங்காலின் மேல் இருந்தது. உள்ளங்கை வேர்த்து பேண்ட் ஈரமாகிவிட்டது. யாருக்கு எதிராகக் கைகள் உயர்ந்தனவோ, அவர் என்னைப் பார்த்தார். நான் எழுந்து வெளியே போய்விட்டேன்.

கி.பி. 59. தாய் அக்ரிப்பினாவைக் கொன்றுவிட்டு, அவள்தான் சதி செய்தாள் என்று நீரோ செனட்டுக்குக் கடிதம் அனுப்புகிறான். செனட்டர்கள் முண்டியடிக்கிறார்கள். எல்லாக் கோயில்களிலும் நன்றி வழிபாடு, மினர்வா தெய்வத்துக்குத் தங்கச் சிலை, அவள் பிறந்தநாளைக் கெட்ட நாட்களின் வரிசையில் சேர்ப்பது. அதுவரை இப்படிப்பட்ட துதிகளை மௌனமாகவோ ஒற்றைச் சொல்லாலோ கடந்துவந்த திரசேயா அன்று எழுந்து வெளியே போனார்.

இதை எழுதும் ரோம வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் அவரை மதிப்பவர். இருந்தும் சொல்கிறார்: தனக்கு ஆபத்தைத் தேடிக்கொண்டாரே தவிர, மற்றவர்களுக்கு விடுதலையின் வாசலைத் திறந்துவிடவில்லை. இந்த வரியைப் படித்ததிலிருந்து நெஞ்சு அடைக்கிறது. நான் வெளியே போனதால் அவருக்கு என்ன கிடைத்தது? ஒன்பது ஒன்பதாகத்தானே இருந்தது.

ஆனால் 62-இல் திரசேயா பேசினார். நீரோவைப் பழித்துக் கவிதை பாடிய அந்திஸ்தியுஸுக்கு மரண தண்டனை என்று ஏறக்குறைய முடிவாகிவிட்ட நேரம். நாடுகடத்தினால் போதும் என்று இவர் ஒருவர் சொன்னதும் பெரும்பாலானவர்கள் இவர் பக்கம் வந்துவிட்டார்கள். நீரோ எரிச்சலோடு பதில் எழுதியும் மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு உயிர் பிழைத்தது. வாயைத் திறந்ததால் பிழைத்தது.

நான் ஏன் வாயைத் திறக்கவில்லை.

நவம்பர் 6
கடிதம் இல்லை. பாப்பாவுக்குச் சளி.

நவம்பர் 8
திரசேயா மூன்று வருஷம் செனட் பக்கமே போகவில்லை. நீரோவின் மனைவி பொப்பேயாவின் இறுதிச் சடங்குக்குப் போகவில்லை. சக்கரவர்த்தியின் தெய்வீகக் குரலுக்காகப் பலி கொடுக்கவில்லை. 66-இல் அவர் மேல் சுமத்திய குற்றப் பட்டியலில் பாதி இப்படி 'இல்லை'தான். குற்றம் சாட்டிய கபிதோவுக்குப் பழைய பகை. மாகாணத்தைச் சுரண்டியதற்காக சிலிசியாக்காரர்கள் அவன் மேல் போட்ட வழக்கில் திரசேயா அவர்களுக்குத் துணை நின்றவர். அவன் நீரோவிடம் சொன்னான்: ரோமின் தினச்செய்தி ஏட்டை மாகாணங்களிலும் படை முகாம்களிலும் கூர்ந்து படிக்கிறார்கள், திரசேயா எதைச் செய்யவில்லை என்று தெரிந்துகொள்வதற்காக.

எங்கோ எல்லை முகாமில் ஒருவன் விளக்கைக் கிட்டே இழுத்துவைத்து, அந்தப் பெயர் இல்லாத இடத்தைத் தேடியிருப்பான். அவனைத்தான் இன்று நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

நவம்பர் 9
அவர் போனை எடுக்கவில்லை. மூன்று முறை அடித்தேன்.

நவம்பர் 11
புதிதாகச் சேர்ந்த தம்பி வந்திருந்தான். "அண்ணா, உங்களுக்காக நான் எழுதித் தர்றேன். நடந்ததை நானும் பார்த்தேன்ல." வேலைக்கு வந்து நாலு மாதம்தான் ஆகிறது. டீ ஆறிப்போகும்வரை பதில் சொல்லவில்லை.

66-இல் டிரிப்யூன் என்ற மக்கள் பிரதிநிதிப் பதவியில் இருந்த இளம் ருஸ்திகுஸ், திரசேயாவுக்கு எதிரான செனட் தீர்மானத்தைத் தன் அதிகாரத்தால் தடுக்கிறேன் என்று முன்வந்தான். திரசேயா விடவில்லை. என் காலம் முடிந்துவிட்டது, நீ இப்போதுதான் பதவிக்கு வந்திருக்கிறாய் என்றார். அன்று காப்பாற்றிவிட்டார். 93-இல் அதே ருஸ்திகுஸ் திரசேயாவைப் புகழ்ந்து எழுதிய நூலுக்காகச் சக்கரவர்த்தி டொமிஷியன் அவனைக் கொன்றான். 27 வருஷம் அவன் அதை மனதில் வைத்திருந்திருக்கிறான்.

தம்பியிடம் வேண்டாம் என்றேன். சரியா என்று தெரியவில்லை.

நவம்பர் 12
"ஊருக்கே போயிடலாங்க. எதுக்கு இந்தக் குளிர்ல இப்படி உட்கார்ந்து யோசிச்சிட்டே இருக்கீங்க?" என்றாள். சத்தம் போட்டுவிட்டேன். பாப்பா கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தது. ராத்திரி மன்னிப்புக் கேட்டேன். ஒன்றும் பேசாமல் என் நெற்றியில் தைலம் தேய்த்தாள்.

நவம்பர் 14
கடிதம் வந்துவிட்டது. நாளை காலை 9 மணி.

திரசேயா வழக்குக்காக செனட் கூடியபோது இரண்டு படைப்பிரிவுகள் ஆயுதத்தோடு வீனஸ் கோயிலில் நின்றன. கபிதோவுக்கும் அவனோடு சேர்ந்து குற்றம் சாட்டிய மார்செல்லுஸுக்கும் தலா 50 லட்சம் செஸ்டர்ஸ் பரிசு. திரசேயா அன்று மாலை தோட்டத்தில், உடலைவிட்டு உயிர் பிரிவதைப் பற்றித் தத்துவஞானி தெமெத்ரியுஸோடு பேசிக்கொண்டிருந்தார். மரண தண்டனைச் செய்தி வந்ததும், அழுதவர்களையெல்லாம் எங்களோடு சிக்கிக்கொள்ளாமல் போய்விடுங்கள் என்றார். தன் தாயைப் போலக் கணவனோடு சாகத் துணிந்த மனைவி அர்ரியாவிடம், மகளுக்கு இருக்கும் ஒரே துணையைப் பறித்துவிடாதே என்றார். மருமகன் ஹெல்விதியுஸுக்கு இத்தாலியைவிட்டு வெளியேற்றம் மட்டும்தான் என்று தெரிந்தபோது முகத்தில் மகிழ்ச்சிகூட இருந்ததாம்.

இரண்டு கை நரம்புகளும் வெட்டப்பட்டன. ரத்தத்தைத் தரையில் தெளித்து, விடுதலை தரும் ஜூப்பிட்டருக்குப் படையல் என்றார். பாரப்பா என்று, தீர்ப்போடு வந்த இளைஞனைப் பக்கத்தில் அழைத்தார். சாவு மெதுவாக வந்தது, வலித்தது. தெமெத்ரியுஸ் பக்கம் திரும்பி

அதோடு டாசிட்டஸின் ஏடு அறுந்துவிடுகிறது. மிச்சம் யாரிடமும் இல்லை. என்ன சொல்லவந்தார்?

நவம்பர் 15
மூன்றரை மணி. நீலச் சட்டையைத் தேய்த்து நாற்காலியில் மாட்டியிருக்கிறேன். பாப்பா இருமுகிறது. அவர் பெயரை முதல் வரியிலேயே சொல்லிவிட வேண்டும், அவர்கள் கேட்பதற்கு முன்னால்