கடைசிப் பக்கம் இல்லாத நாவல்

1992இல் நாங்கள் பத்தாம் ஆண்டு. யாழ்ப்பாணத்தில் மின்சாரம் நின்று இரண்டு வருடம் ஆகியிருந்தது. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு எரித்த விளக்கில்தான் படிப்பு. பாடப் புத்தகத்துக்கே போதாத அந்த வெளிச்சத்தில் நான் அதிகம் வாசித்தது துப்பறியும் நாவல்கள் எழுதும் ராஜேஷ்குமாரைத்தான்.

இந்தியாவிலிருந்து புதிய புத்தகம் வருவது அருமை. எண்பதுகளில் வந்த மாத நாவல்களே வீடு வீடாகச் சுற்றின. கைமாறிக் கைமாறி முதலில் அட்டை போகும், பிறகு முதல் பக்கம், பிறகு கடைசிப் பக்கம்.

ராஜேஷ்குமார் நாவலில் கடைசிப் பக்கம் போனால் என்ன ஆகும் என்று அவரை வாசித்தவர்களுக்குத் தெரியும். பெரும்பாலும் அவர் இரண்டு கதைகளை மாறி மாறி ஓட்டுவார். ஒரு அத்தியாயத்தில் கோயம்புத்தூரில் ஒரு காதல் ஜோடி. அடுத்ததில் வேறு ஊர், வேறு ஆட்கள், ஒரு பிணம். இரண்டுக்கும் சம்பந்தமே இருக்காது. முடிவுக்குக் கிட்டத்தான் இரண்டும் முட்டும்.

எங்கள் வகுப்பில் சுற்றிய ஒரு நாவலுக்கு அந்த முட்டும் இடம்தான் இல்லை. ஊட்டியில் கல்யாணத்துக்குக் காத்திருக்கும் ஒரு பெண். சென்னையில் யாரும் எடுக்க வராத ஒரு சூட்கேஸ். அதோடு கிழிந்துவிட்டது. இடைவேளை முழுவதும் அதே பேச்சு.

ஒருநாள் தமிழ் மாஸ்டரின் கையில் அகப்பட்டோம். அடி விழும் என்று நினைத்தேன். அவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு நாள் கழித்துத் திருப்பித் தந்தார். "தம்பிமார், கொலைகாரனைத் தேடாதேங்கோ. இரண்டு கதையிலும் வாற ஒரே சாமான் என்ன எண்டு தேடுங்கோ" என்றார். திரும்ப வாசித்தோம். ஊட்டிப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பரிசாகக் கொடுத்த கைக்கடிகாரத்தின் பெயர், சென்னை அத்தியாயத்தில் ஒரு ரசீதில் ஒரே ஒரு வரியாக இருந்தது. எனக்கு உடம்பு சில்லிட்டது. ஒரு வரியை ஏன் அங்கே வைத்தார் என்று கேட்டு வாசிக்கும் பழக்கம் அன்றைக்கு வந்தது.

அந்தப் பெண்ணின் காதல் இல்லாவிட்டால் சூட்கேஸ் எங்களுக்கு வெறும் சூட்கேஸ்தான். அவள் அந்த மனுசனை நம்பியிருந்தாள் என்பதால்தான் பயந்தோம். துப்பறியும் கதைக்குக் காதல் வெறும் ஊறுகாய் என்று சொல்பவர்களோடு நான் ஒத்துப்போக மாட்டேன். ராஜேஷ்குமாரின் துப்பறிவாளர் விவேக்கும் அவர் மனைவி ரூபலாவும் வீட்டில் ஒருவரை ஒருவர் சீண்டிக்கொள்ளும் பக்கங்களுக்காகவே காத்திருந்தவர்கள் எங்களில் பலர். இன்னொரு எழுத்தாளரான பட்டுக்கோட்டை பிரபாகரின் துப்பறியும் ஜோடி பரத், சுசீலாவுக்கு இன்னொரு கட்சி இருந்தது. அப்புறம் அந்தச் சண்டை தனி.

என் பக்கத்து வாங்கில் இருந்தவன் கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் முடிவை எழுதினான். எட்டுப் பக்கம். பென்சிலால் எழுதி, பிழையை எச்சில் தொட்டு அழித்ததில் தாள் சில இடங்களில் ஓட்டை. அவன் முடிவில் அவள் கடிகாரத்தைக் கழற்றி மாப்பிள்ளையின் கையில் வைத்துவிட்டு, பஸ் ஏறி ஊருக்குத் திரும்புகிறாள். வகுப்பில் அதை நான்தான் வாசித்துக் காட்டினேன். ஒருவரும் பேசவில்லை.

1995 ஒக்டோபர் 30 இரவு, யுத்தம் நெருங்கி, யாழ்ப்பாணம் இருக்கும் வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பக்கம் நடந்தபோது நாவலும் கொப்பியும் வீட்டோடு நின்றுவிட்டன. அவன் இப்போது நோர்வேயில். அந்த எட்டுப் பக்கமும் அவனுக்குச் சரியாக நினைவில்லையாம்.

இங்கே ரொறொன்ரோ பொது நூலகத்தின் தமிழ்த் தட்டில் ராஜேஷ்குமார் நாவல் எதைக் கண்டாலும் முதல் இரண்டு அத்தியாயங்களை நின்றபடியே பார்ப்பேன். 1500க்கு மேல் எழுதியவர். எங்களுடையதற்கு அட்டையும் இல்லை, பெயரும் தெரியாது. ஊட்டியில் ஒரு கல்யாணம், சென்னையில் ஒரு சூட்கேஸ், ஒரு கைக்கடிகாரம். நம் வகுப்பில் யாருக்காவது பெயர் நினைவிருந்தால் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு வரி எழுதுங்கள். கிடைத்தால் இரண்டு பிரதி வாங்கி, ஒன்றை நோர்வேக்கு அனுப்ப வேண்டும்.