பதினெட்டு கிலோ பெட்டிக்கு ஐம்பது கிலோ பில்

கோவையில் ஏதாவது ஒரு நடுத்தர பம்பு கம்பெனியின் டிஸ்பாட்ச் பக்கம் சாயங்காலம் நான்கு மணிக்குப் போய்ப் பாருங்கள். மோனோபிளாக் பம்பு அட்டைப்பெட்டிகள் ஒரு பக்கம், ஸ்டார்ட்டர் பேனல்கள் இன்னொரு பக்கம். சுவரோரம் மூன்று மீட்டர் காலம் பைப் (column pipe, ஆழ்துளைக் கிணற்றுப் பம்புக் குழாய்) கட்டுகள். மேசைமேல் உள்ளங்கைக்குள் அடங்கும் மெக்கானிக்கல் சீல் பொட்டலங்கள். வாசலில் கென்யாவின் மொம்பாசா துறைமுகத்துக்குப் போகக் காத்திருக்கும் மரப்பெட்டிகள். எல்லாம் ஒரே கம்பெனி சரக்குதான். ஆனால் ஒரே வண்டியில் போட்டு அனுப்ப முடியாது.

லாரி புரோக்கர், பார்சல் ஆபீஸ், கூரியர், கப்பல் ஏஜென்ட் என்று நாலு பேருக்குப் போன் போடும் வேலையை ஒரே ஒப்பந்தத்தில் எடுத்துக்கொள்பவரைத்தான் த்ரீ-பி-எல் என்கிறோம். சொந்த வண்டி அவரிடம் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். நாமக்கல், சங்ககிரி வண்டிகளை வாடகைக்குப் பிடித்தே பெரிய அளவில் தொழில் நடத்துபவர்கள் உண்டு. எந்தச் சரக்கை எதில் ஏற்றுவது என்று பிரிப்பதுதான் அவர் வேலையின் சாரம். நாம் கொடுக்கும் அளவு தப்பாக இருந்தால் அவர் பிரிப்பதும் தப்பாகிவிடும். சண்டை பெரும்பாலும் அங்கேதான் தொடங்குகிறது.

ஒரு பேனலை எடுத்துக்கொள்வோம். இரும்புப் பெட்டி 60×45×25 செ.மீ. சுற்றிலும் 5 செ.மீ. தெர்மாகோல் வைத்து அட்டைப்பெட்டியில் போட்டால் 70×55×35. தராசில் 18 கிலோ. சாலை வழிப் பார்ட் லோடில், அதாவது பலர் சரக்கோடு சேர்ந்து போகும் வண்டியில், பரவலாக இருக்கும் கணக்கு இது: மூன்று அளவையும் பெருக்கி 27,000-ஆல் வகுத்தால் கன அடி, அதைக் கன அடி எடையால், அதாவது ஒரு கன அடிக்கு இத்தனை கிலோ என்று ஒப்பந்தத்தில் உள்ள எண்ணால், பெருக்க வேண்டும். அது 10 கிலோ என்று வைத்தால் 1,34,750 ÷ 27,000 × 10, கிட்டத்தட்ட 50 கிலோ. இதுதான் பருமன் எடை. தராசு எடையைவிட இது அதிகம் என்பதால் பில் 50 கிலோவுக்குத்தான் வரும். அதில் ஏமாற்று வேலை எதுவும் இல்லை. லாரியில் அந்தப் பெட்டி அடைக்கும் இடத்துக்கான காசு.

இங்கே பேரம் பேச மூன்று இடம் இருக்கிறது. ஒன்று, அந்த 10. பலர் கிலோவுக்கு எத்தனை ரூபாய் என்று மட்டும் அடித்துப் பேசிவிட்டு இதைக் கேட்காமலே கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். இதே பெட்டிக்குக் கன அடி எடை 6 என்றால் 30 கிலோதான். இரண்டு, வகுக்கும் எண். உண்மையான கன அடி 28,317 க.செ.மீ. 27,000-ஆல் வகுக்கும்போதே பருமன் எடை ஏறக்குறைய 5 சதவீதம் கூடிவிடுகிறது. மூன்றாவது, நம் பேக்கிங். தெர்மாகோலுக்குப் பதில் 2 செ.மீ. அடர்த்தியான ஈ.பி.இ. ஃபோம் வைத்தால் பெட்டி 64×49×29 ஆகிறது. கன அடிக்கு 10 கிலோ என்றாலும் 34 கிலோதான் வரும். ரேட்டைக் குறைக்கச் சொல்லி மாதக்கணக்கில் மெயில் போடுவதைவிட அட்டைப்பெட்டி செய்பவரிடம் ஒருநாள் உட்கார்ந்து பேசுவது லாபம்.

வேடிக்கை என்னவென்றால் விமானச் சரக்கில் 6,000-ஆல்தான் வகுப்பார்கள். அதே 70×55×35 பெட்டிக்கு அங்கே 22.5 கிலோதான் கணக்கு. கிலோ ரேட் பல மடங்கு என்பதால் மொத்தத்தில் விமானம்தான் செலவு. ஆனால் இரண்டு கொட்டேஷனை ஒப்பிடும்போது எடை எந்த முறையில் வந்தது என்று பார்க்காமல் ரேட்டை மட்டும் பார்ப்பது வீண்.

பம்பு இதற்கு நேர் எதிர். 1 எச்.பி. மோனோபிளாக் 35×22×25 பெட்டியில் 14 கிலோ இருக்கும் என்று வையுங்கள். பருமன் கணக்கு 7 கிலோதான் வரும், எனவே தராசு எடைக்கே பில். பம்பையும் பேனலையும் ஒரே எல்.ஆரில் (லாரி ரசீதில்) போட்டால் மொத்தத் தராசு எடையையும் மொத்தப் பருமன் எடையையும் ஒப்பிட்டு எது அதிகமோ அதற்குப் பில் போடச் சொல்ல முடியுமா என்று கேளுங்கள். ஒப்புக்கொண்டால் கனமான பம்பு, காற்றடைத்த பேனலின் செலவைத் தாங்கிக்கொள்ளும். பெட்டிவாரியாகப் பார்ப்போம் என்றால் அந்த லாபம் கிடையாது.

பார்ட் லோடு என்றால் ஒரு பெட்டியை எத்தனை முறை ஏற்றி இறக்குவார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். கம்பெனியில் ஏற்று, கோவை ஹப்பில் (சரக்கைச் சேர்த்துப் பிரிக்கும் குடோனில்) இறக்கு, திரும்ப ஏற்று, போகும் ஊர் ஹப்பில் இறக்கு, மறுபடி ஏற்று, கடையில் இறக்கு: குறைந்தது ஆறு தடவை. வண்டி முழுக்க நம் சரக்கே போகும் ஃபுல் லோடில் இரண்டே தடவை. வார்ப்பிரும்பு வளையாது, அடிபட்டால் உடையும். இடுப்பளவு உயரத்திலிருந்து போட்டாலே பம்பின் கால் முறிந்துவிடும், மோட்டாரின் விசிறி மூடி நசுங்கும். பெட்டிக்குள் ஒரு பிளைவுட் பலகையில் பம்பின் காலை போல்ட் போட்டு முறுக்கிவிட்டால் இந்தப் புகார் பெரும்பாலும் நின்றுவிடும். ‘கவனமாகக் கையாளவும்’ ஸ்டிக்கரை நம்பிப் பயனில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு ஹப்பில் லோடுமேன் அதைப் படிக்கமாட்டார். பேனலைப் பாலட்டில் (அடிப்பலகைத் தட்டில்) நிறுத்திக் கட்டி அனுப்பினால், படுக்கவைக்க நினைத்தாலும் முடியாது.

பைப் விஷயம் சுருக்கம்தான். மூன்று மீட்டர் கட்டு பார்ட் லோடில் போகும். ஆறு மீட்டர் என்றால் பல ஹப்புகளில் எடுக்கவே மாட்டார்கள். 22 அடி வண்டி தனியாகத்தான் பிடிக்க வேண்டும். மரை இல்லாத பைப் என்றால் பெரியதற்குள் சிறியதை நுழைத்து அனுப்பலாம், பாதி இடம் மிச்சம். மரை உள்ள காலம் பைப்பில் இதைச் செய்யாதீர்கள், மரை தேய்ந்துவிடும்.

காகித வேலையில் அதிகம் மாட்டவைப்பது இ-வே பில், அதாவது சரக்கை வண்டியில் கொண்டுபோக ஜி.எஸ்.டி.யில் எடுக்கும் மின்னணுச் சீட்டு. சரக்கு மதிப்பு தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சத்துக்கு மேல், வெளிமாநிலத்துக்கு 50,000-க்கு மேல் என்றால் கட்டாயம். முதல் பகுதியை நாம் போடுகிறோம், வண்டி எண் வரும் பி பகுதியை டிரான்ஸ்போர்ட்டர் போடுகிறார். 200 கி.மீ.க்கு ஒரு நாள் வீதம் செல்லும், 1,300 கி.மீ. என்றால் 7 நாள். பி பகுதி போட்டபிறகு ஹப்பில் லோடு சேரட்டும் என்று சரக்கை மூன்று நாள் வைத்துவிட்டால், அந்த மூன்று நாளும் இந்த ஏழிலிருந்தே கழியும். காலாவதிக்கு முன்னும் பின்னும் எட்டு மணி நேரத்துக்குள் நீட்டிக்கலாம். அதைத் தாண்டி ரோட்டில் பிடித்தால் வரியைப் போல இரண்டு மடங்கு அபராதம் கேட்பார்கள். வண்டி மாறும் ஒவ்வொரு இடத்திலும் பி பகுதி புதுப்பிக்கப்பட வேண்டும். இ-வே பில் போடும்போது டிரான்ஸ்போர்ட்டர் ஐ.டி.யை விட்டுவிட்டால் அவரால் அதைச் செய்யவே முடியாது. நம் கிளார்க் விடும் ஒரு கட்டத்துக்காக ராய்ச்சூர் பக்கம் லாரி நிற்கும்.

வடக்கே கடைக்காரர்கள் நிறைய இருந்தால் நாக்பூரிலோ பிவண்டியிலோ த்ரீ-பி-எல் குடோனில் சரக்கு வைப்பது வழக்கம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபிறகு வரிக்காக மாநிலத்துக்கு ஒரு டெப்போ திறக்கும் அவசியம் போய்விட்டது. ஆனால் அடுத்தவர் குடோன்தானே என்று இருந்துவிடக் கூடாது: மகாராஷ்டிராவில் நம் சரக்கு கிடந்தால் அங்கே நமக்கு ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், கோவையிலிருந்து அனுப்பும்போதே வரி போட்டுத்தான் அனுப்ப வேண்டும். அந்த வரியைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதுவரை பணம் முடங்கும்.

ஏற்றுமதியில் கணக்கு இன்னொரு விதம். பகிர்ந்த கன்டெய்னரில் ஒரு கன மீட்டர் அல்லது ஒரு டன், எது அதிகமோ அது. மேலே சொன்ன பம்பில் 300 அனுப்பினால் 4.2 டன், 5.78 கன மீட்டர். இங்கே பம்பும் பருமனுக்குத்தான் காசு கட்டும். இருபது அடி கன்டெய்னர் காகிதத்தில் 33 கன மீட்டர், நடைமுறையில் 25 முதல் 28 வரை அடுக்கலாம். பாதிக்கு நெருங்கினாலே முழுக் கன்டெய்னர் விலையையும் கேட்டுப் பாருங்கள். மரப்பெட்டி மரம் உட்புறம் 56 டிகிரியில் 30 நிமிடம் சூடாக்கப்பட்டு முத்திரை குத்தியிருக்க வேண்டும். கடைசி நிமிடத்தில் பக்கத்து பட்டறையிலிருந்து வாங்கிய ஒரு முத்திரையில்லாத கட்டை போதும், மொத்தமும் தடைபடும். கென்யா என்றால் சரக்கு கிளம்புமுன்பே தரச் சான்றிதழ் வாங்கியிருக்க வேண்டும். கப்பல் ஏறியபிறகு யோசிக்கும் விஷயம் இல்லை.

இனி உடைந்தால் என்ன. பில்லில் எஃப்.ஓ.வி. என்று ஒரு வரி இருக்கும், சரக்கு மதிப்பில் ஒரு சிறு சதவீதம். நிறையப் பேர் அதை இன்ஷூரன்ஸ் என்று நினைக்கிறார்கள். அது இன்ஷூரன்ஸ் பாலிசி இல்லை. டிரான்ஸ்போர்ட்டர் தன் பொறுப்புக்கு வாங்கும் கட்டணம், எவ்வளவு வரை தருவார் என்பது ஒப்பந்தத்தில்தான் இருக்கும். 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குச் சட்டமும் அதன் விதிகளும் சொல்வதன்படி, கூடுதல் மதிப்பை அறிவித்து எழுதிக்கொடுக்காவிட்டால் டிரான்ஸ்போர்ட்டரின் பொறுப்பு வாடகையில் பத்து மடங்கோடு முடிந்தது. 25,000 ரூபாய் பேனலுக்கு வாடகை 600 என்றால் 6,000 ரூபாய். எனவே தனியாக மரைன் ஓபன் பாலிசி (பெயர் மரைன் என்றாலும் சாலைச் சரக்குக்கும் உள்ள இன்ஷூரன்ஸ்) எடுங்கள், அதிலும் உள்நாட்டுப் போக்குவரத்துக்குப் பெரும்பாலான சேதங்கள் அடங்கும் ‘ஏ’ பிரிவாகப் பாருங்கள். ‘பி’ பிரிவு தீ, கவிழ்தல், மோதல் போன்றவற்றுக்குத்தான். ஹப்பில் கைநழுவி விழுந்தது அதில் வராது.

எதற்கும் ஆதாரம் பி.ஓ.டி., அதாவது சரக்கு வந்து சேர்ந்ததற்குக் கையெழுத்து வாங்கும் காகிதம்தான். கடைக்காரர் வெறும் கையெழுத்துப் போட்டுவிட்டால் சரக்கு நல்லபடியாக வந்தது என்றே அர்த்தம். ‘டேமேஜ்’ என்று ஒரு சொல் எழுதினாலும் போதாது. ‘பெட்டி எண் 7, இடது மூலை நசுங்கியது, அம்மீட்டர் கண்ணாடி உடைந்தது’ என்று வண்டி நிற்கும்போதே எழுதி, பெட்டியும் வண்டி எண்ணும் ஒன்றாகத் தெரியும்படி போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். எழுத்துமூலம் நோட்டீஸ், சரக்கு புக் செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் போக வேண்டும். டெலிவரி நாளிலிருந்து எண்ணி ஏமாறுபவர்கள் உண்டு.