விதானத்தைப் பார்த்துவிட்டு சன்னதிக்குப் போங்கள்

திருவாரூரில் தியாகேசரின் திருமுகமும் அம்பாள் திருமுகமும்தான் நமக்குத் தரிசனம். மற்றதெல்லாம் பட்டுக்கும் பூவுக்கும் உள்ளே. பங்குனி உத்திரத்திலும் மார்கழித் திருவாதிரையிலும் பாதம் காட்டுவார், அவ்வளவுதான். இப்படி மூடியே வைத்திருக்கும் பெருமான் இந்த ஊருக்கு எப்படி வந்தார் என்ற கதை, அதே கோயிலின் தேவாசிரியன் மண்டபத்து விதானத்தில் வண்ணமாக விரிந்து கிடக்கிறது. ஆயிரங்கால் மண்டபம் என்று சொன்னால் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அங்கே கூடியிருந்த அடியார்களைப் பார்த்துத்தான் சுந்தரர் ‘தில்லைவாழ் அந்தணர்தம்’ என்று திருத்தொண்டத் தொகையைத் தொடங்கினார்.

கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி, ஓடை ஐந்து வேலி என்பார்கள். அத்தனை பெரிய இடத்தில் வழக்கமாக நேரே சன்னதிக்குப் போய்விட்டுத் திரும்பிவிடுவேன். இந்த முறை அத்தையோடு போனதால் முதலில் மண்டபம். கோயில் ஆட்களிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போனோம். கண் இருட்டுக்குப் பழகக் கொஞ்ச நேரமாகும். அப்புறம் சிவப்புப் பின்னணியில் வரிசை வரிசையாக ஆட்கள், யானைகள், தேவர்கள். ஒவ்வொரு வரிசைக்கும் தமிழில் விளக்கம் எழுதியிருக்கிறது. பழைய கையெழுத்து, எழுத்துக் கூட்டித்தான் படிக்க வேண்டும்.

“ஏண்டா தம்பி, ராஜாவுக்குப் போய் கொரங்கு மூஞ்சி வச்சிருக்கான்?” என்றார் அத்தை.

அவர்தான் முசுகுந்தச் சக்கரவர்த்தி. கைலாயத்தில் வில்வ மரத்தில் இருந்த குரங்கு ஒன்று, கீழே சிவனும் பார்வதியும் இருப்பது தெரியாமல் இரவெல்லாம் இலையைப் பறித்துப் போட்டது. அன்று சிவராத்திரி. அரசனாகப் பிறக்க வரம் கிடைத்தது. முகம் மட்டும் இப்படியே இருக்கட்டும், உன்னை மறக்காமல் இருப்பேன் என்று குரங்கு கேட்டுக்கொண்டதாம். ஓவியர் இதை எங்கேயும் மறைக்கவில்லை. கிரீடம், நகை, பட்டு எல்லாம் போட்டு, அதன் மேல் அந்த முகத்தை அப்படியே வைக்கிறார். சிரிப்பு வரவில்லை, மரியாதைதான் வருகிறது.

அசுரனை வெல்ல இந்திரனுக்கு முசுகுந்தன் உதவினான். கைம்மாறாக, இந்திரன் பூசித்த விடங்கரையே, அதாவது இந்தத் தியாகேசரையே, கேட்டான். திருமால் தன் மார்பில் வைத்து வழிபட்ட மூர்த்தி அவர். திருமாலின் மூச்சு ஏறி இறங்க, அதற்கேற்ப ஆடியதுதான் ஆரூரின் அசபா நடனம். கொடுக்க மனமில்லாத இந்திரன், அதே போல் ஆறு செய்து ஒவ்வொன்றாகக் காட்டினான். ஒவ்வொன்றுக்கும் இது இல்லை என்றான் முசுகுந்தன். கடைசியில் ஏழும் பூமிக்கு வந்தன. ஆரூர், நள்ளாறு, நாகை, காறாயில், கோளிலி, வாய்மூர், மறைக்காடு (வேதாரண்யம்) என்ற ஏழு சப்தவிடங்கத் தலங்களும் அப்படி ஆனவைதான்.

எழுதியவர் சிங்காதனம் என்று ஓவியத்திலேயே பெயர் இருக்கிறது. தஞ்சையை 1684 முதல் 1712 வரை ஆண்ட ஷாஜியின் காலத்தது என்பது பொதுவான கருத்து. தேவலோகம் எப்படி இருக்கும் என்று அவர் பெரிதாக யோசித்ததாகத் தெரியவில்லை. திருவாரூர்த் திருவிழாவைத் தூக்கி மேலே வைத்துவிட்டார்! ஊர்வலம், மேளம், ஆடும் பெண்கள், வாணவேடிக்கை எல்லாம் இருக்கிறது. பெண்களின் சேலைக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். பக்கவாட்டு முகம், அதில் பெரிய விழி, கை நீட்டிப் பேசும் நிற்பு என்று தோல்பாவைக் கூத்தின் திரை மாதிரியேதான் எனக்குப் பட்டது. அரண்மனைப் படங்களின் மினுக்கு இதில் இல்லை, அது நல்லதுதான். சில இடங்களில் சுதை பெயர்ந்து, கதை பாதியில் நின்றுவிடுகிறது. பழஞ்சின்னங்களைப் பாதுகாக்கும் இன்டாக் அமைப்பின் நிபுணர்கள் கவனமாகச் சுத்தம் செய்ததால்தான் இந்த அளவுக்காவது நமக்குத் தெரிகிறது.

கழுத்து வலித்ததும் வெளியே வந்தோம். சாயரட்சை, அதாவது மாலைப் பூசை நேரம். ஆரூர்ச் சாயரட்சைக்கு இந்திரனே வருவான் என்பது ஐதீகம். கொடுக்க மாட்டேன் என்று அடம் பிடித்தவன் அவன்தானே, வரட்டும். கூட்டத்தில் எட்டிப் பார்த்து, “ஏழுல நெசமானவரு இவருதானா?” என்று கேட்டார் அத்தை. குருக்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டார். எத்தனையோ முறை பார்த்த முகம்தான். ஆனால் கதையை மேலே பார்த்துவிட்டு வந்து நின்றபோது, அலங்காரத்துக்குள் இருப்பவர் ஆடிக்கொண்டிருக்கிறார் என்பது சட்டென்று உறைத்தது. அதனால்தான் சொல்கிறேன், முதலில் மண்டபம், அப்புறம் சன்னதி.

கமலாலயக் குளக்கரையில் வந்து உட்காருவதற்குள் அத்தை அடுத்த திட்டத்துக்குப் போய்விட்டார். “மிச்சம் ஆறையும் பாத்துடணும். கோளிலியும் வாய்மூரும் கிட்டக்கதான். வேதாரண்யத்தைக் கடைசியா வச்சுக்குவோம், கோடியக்கரையில ஒரு முழுக்கும் போட்டுடலாம். கார் வேணாம், பஸ்ஸே போதும்.”