திருப்பாச்சேத்தில ஒரு அருவா வாங்க மூணு தடவை அலைஞ்ச கதை

தோப்புல மட்டை வெட்ட, எளநி சீவ நல்ல அருவா ஒண்ணு வேணும்னு அப்பா கேட்டதால கெளம்பினேன். மதுரை-ராமேஸ்வரம் ரோட்டுல திருப்புவனம் தாண்டினா ஊரு வந்துரும், அதுல ஒண்ணும் கஷ்டம் இல்ல.

மொத தடவை போனது அமாவாசை அன்னிக்கு. நான் போய் நின்ன எந்தப் பட்டறைலயும் உலை பத்த வைக்கல. வெறுங்கையோட திரும்ப மனசில்லாம ரோட்டோரக் கடையில பளபளன்னு தொங்கினத 450 ரூபாய்க்கு வாங்கிட்டு வந்தேன், ரெண்டாவது மட்டைலயே வாய் மடங்கிருச்சு. "இத கருப்பசாமிக்கு நேந்து விட்டுரு, வெட்டுற வேலைக்கு ஆகாது"ன்னுட்டாரு அப்பா.

அடுத்த தடவை அதையும் தூக்கிட்டு நேரா பட்டறைக்கே போனேன். ஆதார் ஜெராக்ஸ் கேட்டாங்க. 2021ல போலீஸ் கெடுபிடி பண்ணதுல இருந்து வாங்குறவங்க பேரு, அட்ரஸ், போன் நம்பர் எல்லாம் நோட்டுல எழுதித்தான் குடுக்குறாங்களாம். போன்ல இருக்குற போட்டோவக் காட்டினா ஆசாரி மசியல, "நாளைக்கு எங்கயாச்சும் ஒண்ணு நடந்தா என்னையத்தான தம்பி வந்து கேப்பாங்க"ன்னாரு. ஜெராக்ஸ் கடைக்கு ஓடினா அங்க கரண்ட் இல்ல!

ஆனா அந்தப் பழைய அருவாளப் பாத்ததும் ஆசாரி சிரிச்சுட்டு, "இது உலையவே பாக்கல, தகட வெட்டி கிரைண்டர்ல தேச்சது"ன்னு சொன்னாரு. அவரு அடிக்கிறது லாரிக்கு அடில இருக்குற வில்லுப் பட்டைல. முதுகு தடிச்சு வாய்ப்பக்கம் போகப்போக மெலியணும், தகட்டுல வெட்டினது முழுக்க ஒரே கனமா வந்து ஓரத்துல மட்டும் சரியும். வெரல வச்சுத் தடவினாலே தெரியுது, கடையில நிக்கும்போது இந்த அறிவு எங்க போச்சுன்னு எனக்கே எரிச்சல்.

மூணாவது தடவை போன் பண்ணிக் கேட்டுட்டு, ஜெராக்ஸ் ரெண்டா எடுத்துட்டுப் போனேன். எனக்கு முன்னாடி ஒருத்தர் வீட்டுல அழகுக்கு மாட்டணும், நீளமா வேணும்னு கேட்டு நின்னாரு, முடியாதுன்னு அனுப்பிட்டாங்க. எதுக்கு வாங்குறோம்னு தெளிவாச் சொல்லிருங்க. என்னுது கண்ணு முன்னாடியே ரெடியாச்சு, பழுக்கக் காய்ச்சி வாய மட்டும் தண்ணில முக்கி எடுத்து, மேல ஓடுற நெறத்தையே பாத்துட்டிருந்தவரு வைக்கோல் மஞ்சள் வந்ததும் சட்டுன்னு திரும்ப முக்கினாரு. அந்த ரெண்டாவது முக்கு முந்தினா சில்லு தெறிக்குமாம், பிந்தினா மடங்குமாம்.

900 ரூபா. சாக்குல சுத்திக் குடுத்தாங்க. பஸ்ல கண்டக்டர் பாத்ததுமே "திருப்பாச்சியா? சீட்டுக்கு அடில தள்ளு"ன்னாரு.

அன்னிக்கு சாயங்காலமே அப்பா நாப்பது மட்டை வெட்டிப் பாத்தாரு, வாய் அப்படியே இருக்கு. பழசு இப்ப கோழிக்கூட்டுக் கதவுக்கு முட்டுக் குடுக்குது.