கிணற்றடி விலை

கோத்தகிரியில் எங்கள் வீட்டு மாடி அறையில் இருந்தபடி, டெக்ஸஸ் மாநில நிலக்காரர்களின் எண்ணெய், எரிவாயுக் குத்தகைப் பத்திரங்களைப் படித்துச் சுருக்கம் எழுதித் தருவது ஆறு ஆண்டுகளாக என் வேலை. அங்கே நிலத்தடிக் கனிமமும் தனியார் சொத்து. மேல்நிலத்தை விற்றுவிட்டுக் கனிம உரிமையை மட்டும் பேரப்பிள்ளைகளுக்கென வைத்துக்கொள்ளலாம். நம் ஊரில் பட்டா நிலத்தின் அடியில் எண்ணெய் கிடைத்தாலும் குத்தகை தருவதும், எடுத்ததன் மதிப்பில் உரிமையாளருக்குச் சேரும் பங்கான ராயல்டியைப் பெறுவதும் மாநில அரசுதான் என்று சொன்னபோது, அப்பா தோட்டத்துப் பக்கம் திரும்பி ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

நிலக்காரர்கள் பெரும்பாலும் கேட்பது, ஏக்கருக்கு முன்பணம் எவ்வளவு, ராயல்டி எட்டில் ஒன்றா நான்கில் ஒன்றா என்பதைத்தான். பங்குக் கணக்கு எளிது: பலரின் நிலங்களைச் சேர்த்த 640 ஏக்கர் தொகுப்பில் 40 ஏக்கர் உள்ளவருக்கு எட்டில் ஒன்று என்றால் 0.0078125. அந்தப் பங்கு எந்த இடத்து விலைக்கு என்று கேட்பவர் அரிது.

முதல் ஆண்டில் நானும் கேட்கவில்லை. ஒரு பத்திரத்தில் ‘எச்செலவையும் கழிக்கலாகாது’ என்ற வரியைக் கண்டதும் ‘கழிவு இல்லை’ என்று எழுதி அனுப்பினேன். மேலதிகாரி திருப்பி அனுப்பினார். இரண்டு பத்தி மேலே, ராயல்டி ‘கிணற்றடிச் சந்தை விலை’யில், அதாவது எரிவாயு கிணற்றைவிட்டு வெளிவரும் இடத்து விலையில் என்றிருந்தது. எரிவாயு விற்பது எங்கோ தொலைவில் என்பதால், விற்ற விலையிலிருந்து ஈரம் நீக்கவும் அழுத்தவும் கொண்டுசெல்லவும் ஆன செலவைக் கழித்தால்தான் கிணற்றடி விலை கிடைக்கும்; கழித்துப் பெற்றதே விலை என்றான பின், கழிக்கலாகாது என்ற வரிக்கு வேலை ஏது? ஹெரிடேஜ் ரிசோர்சஸ் எதிர் நேஷன்ஸ்பேங்க் வழக்கில் 1996இல் டெக்ஸஸ் உச்ச நீதிமன்றம் இப்படித்தான் தீர்ப்பளித்தது. எனக்கு இன்றும் அது உவப்பில்லை.

அப்பாவுக்கு இதை விளக்க நேரம் பிடிக்கவில்லை. மழைக்காலத்தில் பச்சைத் தேயிலை மூட்டையைத் தராசில் ஏற்றியதுமே ஈரத்துக்கென்று எடையைக் குறைத்து, மீதியைத்தான் ரசீதில் எழுதுவார்கள். “வெலையில கை வைக்கலம்மா, எடையிலயே முடிச்சுட்டாங்க” என்றார்.

இப்போதெல்லாம் விலை எங்கே அளக்கப்படுகிறது என்பதைச் சுருக்கத்தின் முதல் வரியாக எழுதுகிறேன். சென்ற வாரம் வந்த பத்திரமொன்றில் ‘கிணற்றடி’ என்பதை அடித்துவிட்டு ‘விற்கும் இடத்தில்’ என்று பேனாவால் எழுதியிருந்தது. திருத்தத்துக்கு இருதரப்பும் சுருக்கொப்பம் இட்டிருக்கிறார்களா என்று பக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். நிலக்காரருடையது மட்டுமே இருந்தது.