கோதன்பர்க் கறுப்பு பீர்: வீட்டில் காய்ச்சிப் பார்த்த அனுபவம்

கோதன்பர்க்கில் வீட்டிலேயே பீர் காய்ச்சப் பழகியதிலிருந்து இந்த ஊரின் கறுப்பு பீரான கார்னகி போர்ட்டர் மாதிரி ஒன்றைச் செய்து பார்க்கவேண்டும் என்ற ஆசை எனக்கு உண்டு. சுவீடனில் சொந்த உபயோகத்துக்கு பீர் காய்ச்சலாம். ஆனால் அதை விற்கக் கூடாது, சாராயம் வடிக்கவும் கூடாது. இந்தக் குளிர்காலத்தில்தான் வேலையைத் தொடங்கினேன், இதுவரை நடந்ததைக் குறித்து வைக்கிறேன்.

அசலைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். போர்ட்டர் லண்டனில் பிறந்த பீர். துறைமுக நகரமான கோதன்பர்க்கில் பிரிட்டிஷ் வணிகர்கள் நிறையப் பேர் குடியேறியிருந்ததால் அந்த ருசி இங்கேயும் வேர்விட்டது. யோத்தா ஆற்றங்கரையில் கிளிப்பன் என்ற இடத்தில் லொரெண்ட் என்பவர் சர்க்கரை ஆலையையும் போர்ட்டர் ஆலையையும் சேர்த்து நடத்திவந்தார். 1836-இல் ஸ்காட்லாந்துக்காரரான டேவிட் கார்னகி இரண்டையும் வாங்கினார். பாட்டிலில் இன்றும் அவர் பெயர்தான். பிராண்ட் இப்போது கார்ல்ஸ்பெர்க் கையில் இருக்கிறது. பழைய ஆலைக் கட்டடங்கள் ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் அப்படியே நிற்கின்றன, அவற்றில் ஒன்று ஹோட்டலாகிவிட்டது.

இந்த பீர் பிழைத்து வந்ததே பெரிய விஷயம் என்று நினைக்கிறேன். 1922-இல் சுவீடனில் மதுவிலக்குக்காகப் பொதுவாக்கெடுப்பு நடந்தது, மிகக் குறைந்த வித்தியாசத்தில்தான் மதுவிலக்கு தோற்றது. அதற்கு அடுத்த ஆண்டிலிருந்து 1955 வரை வலுவான பீரைக் கடையில் வாங்க முடியாது. மருத்துவர் சீட்டு எழுதிக் கொடுத்தால் மருந்துக்கடையில் கிடைக்கும். முப்பது வருடத்துக்கு மேல் மருந்துபோல விற்கப்பட்ட ஒன்றின் ருசியை ஜனங்கள் மறக்காமல் இருந்திருக்கிறார்கள். இன்றும் 3.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள பீரை வீட்டுக்கு வாங்க, பெரும்பாலும் அரசுக் கடையான சிஸ்டம்போலாகெட்டுக்குத்தான் போகவேண்டும். 5.5 சதவீத கார்னகி அங்கே கிடைக்கும், அது காய்ச்சப்பட்ட ஆண்டு லேபிளிலேயே இருக்கும். அந்த ஆண்டு எதற்கு என்பது நானே காய்ச்சிப் பார்த்த பிறகுதான் சரியாகப் புரிந்தது.

சரி, காய்ச்சலுக்கு வருவோம். மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி. பத்து லிட்டருக்கு வெளிர் மால்ட் 2 கிலோ, ம்யூனிக் மால்ட் 400 கிராம், பிரவுன் மால்ட் 200, கிறிஸ்டல் மால்ட் 200, சாக்லேட் மால்ட் 120, கறுப்பு மால்ட் 80. இதில் கறுப்பு மால்ட்டுக்கு ஒரு வரலாறு உண்டு. 1817-இல் டேனியல் வீலர் என்ற ஆங்கிலேயர் மால்ட்டைக் கருக்காமல் கறுக்க வறுக்கும் உருளைக்குக் காப்புரிமை வாங்கினார். அதற்கு முன்னால் போர்ட்டரின் நிறத்துக்கு பிரவுன் மால்ட்டைத்தான் நம்பியிருந்தார்கள். வீலருக்குப் பிறகு, வெளிர் மால்ட்டோடு ஒரு பிடி கறுப்பு மால்ட் போட்டாலே போதும் என்றாகிவிட்டது.

எனக்குத் தெரியவேண்டியிருந்தது அந்த ஒரு பிடியை எப்போது போடுவது என்பதுதான். அதனால் எல்லாவற்றையும் சரிபாதியாகப் பிரித்து இரண்டு பானைகளில் வைத்தேன். முதல் பானையில் கறுப்பு மால்ட்டை ஆரம்பத்திலேயே மற்றதோடு சேர்த்து 67 டிகிரியில் ஒரு மணி நேரம் ஊறவைத்தேன். இரண்டாவதில் கடைசிப் பத்து நிமிடத்துக்கு மட்டும் போட்டேன்.

தண்ணீரையும் கவனிக்கவேண்டியிருந்தது. கறுக்க வறுத்த மால்ட் புளிப்பைக் கூட்டும். லண்டனின் கடினத் தண்ணீர் அந்தப் புளிப்பைத் தாங்கிக்கொள்ளும், இங்கே குழாயில் வருவதோ மென்தண்ணீர். புளிப்பை அளக்கும் எண்ணான பிஎச் (குறையக் குறையப் புளிப்பு கூடும்) முதல் பானையில் 5.1-க்கு இறங்கியது. ஆப்பச் சோடா ஒரு சிட்டிகை போட்டுக் கலக்கியதும் 5.4-க்கு ஏறி நின்றது. அடுப்படியில் எப்போதும் இருக்கும் பொருள் இதற்கும் உதவியதில் எனக்கு அத்தனை சந்தோஷம்.

அப்புறம் வடிகட்டி, பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் பூவில் கோல்டிங்ஸ் வகையை இரண்டு பானைக்குமாக 25 கிராம் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கவிட்டேன். சாற்றின் சர்க்கரை அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர் 1.058 காட்டியது. ஆறவைத்து இங்கிலீஷ் ஏல் ஈஸ்ட் தூவி, 18 டிகிரி இருக்கும் அறையில் வைத்தேன். மறுநாளே பழுப்பு நுரை மூடிவரை எழும்பிவிட்டது. நொதித்து முடிந்தபோது அது 1.016, அதாவது ஆல்கஹால் ஏறக்குறைய 5.5 சதவீதம், அசலின் அதே வலு.

பாட்டிலில் அடைக்கும்போது ருசி பார்த்தேன். முதல் பானை பீர் நாக்கின் பின்பக்கத்தில் சாம்பல்போலக் கசந்தது. இரண்டாவது வழவழவென்று இறங்கியது, உடனே குடிக்க அதுதான் இதம். அப்போது யாராவது கேட்டிருந்தால் கறுப்பு மால்ட்டைக் கடைசியில் போடுங்கள் என்றுதான் சொல்லியிருப்பேன்.

சில வாரம் கழித்து இரண்டையும் இந்த ஆண்டுக் கார்னகி ஒன்றையும் வரிசையாக வைத்து, குளிர் கொஞ்சம் போன பிறகு குடித்தேன். நிலைமை மாறியிருந்தது. இரண்டாவது பானை பீர் முன்பு இருந்த மாதிரியேதான் இருந்தது. முதலாவதில் அந்தச் சாம்பல் கசப்பு அடங்கி, ஃபில்டர் காபி டிகாக்‌ஷன்போல ஒரு ஆழம் வந்திருந்தது. அடியில் உலர்ந்த திராட்சை வாசனை வேறு. கார்னகி இதைவிட உருண்டு திரண்டிருந்தது, கறுப்புச் சாக்லேட் ருசி கூடுதல். ஆனாலும் என் இரண்டில் அதற்கு உறவுக்காரன் முதல் பானைதான். வறுத்த கசப்பைத் தாராளமாக உள்ளே விட்டு, அதைக் காலத்திடம் ஒப்படைப்பதில்தான் இந்த பீரின் பலம் இருக்கிறது என்பது என் முடிவு. லேபிளில் ஆண்டு போடுவதற்கும் அதுதான் காரணமாக இருக்கவேண்டும்.

அடுத்த முறை பிரவுன் மால்ட்டை 350 கிராமாக ஏற்றி, கறுப்பு மால்ட்டை முதல் பானை முறையிலேயே ஊறவைக்கப் போகிறேன். இப்போது இருக்கும் பாட்டில்களில் பாதியைக் கீழறையில் அடுத்த குளிர்காலம்வரை தொடாமல் வைப்பதாகத் திட்டம். இரண்டாவது பானை பீரில் கொஞ்சத்தைக் கிறிஸ்துமஸுக்கு மும்மா என்ற பானம் கலக்க எடுத்துவைத்திருக்கிறேன். போர்ட்டர், சாதா பீர், இனிப்பு சோடா, கொஞ்சம் ஜின், தட்டிப் போட்ட ஏலக்காய். இங்கே பண்டிகைச் சாப்பாட்டோடு கூஜாவில் கலந்து ஊற்றுவார்கள். இனிப்பும் ஏலக்காயும் சேரும் இடத்தில் அந்த மென்மையான பீரே போதும்.