ஆறு நொடிக்கு ஒரு கத்தல்

"ஊதுங்க ஊதுங்க ஊதுங்க, விடாதீங்க, இன்னும் இன்னும் இன்னும், அடி வயித்துலருந்து, இன்னும் கொஞ்சம்... இப்ப இழுங்க!"

இதுதான் என் வேலை. கோயம்புத்தூரில் ஒரு நெஞ்சக நோய் மருத்துவமனையில் பதினோரு வருடமாக மூச்சுப் பரிசோதனை எடுக்கிறேன். டாக்டர் சீட்டில் ஸ்பைரோமெட்ரி என்றோ பிஎஃப்டி என்றோ எழுதியிருப்பார். வருகிறவர்கள் "ஊதற டெஸ்ட்டு எங்கீங்க?" என்றுதான் கேட்டுக்கொண்டு வருவார்கள். பக்கத்து அறையில் ஈசிஜி எடுக்கும் தம்பிக்கு என்மேல் ஒரு புகார் உண்டு. நான் கத்துகிற கத்தலில் அவனிடம் படுத்திருக்கும் ஆளுக்கு நாடி எகிறிவிடுகிறதாம். வீட்டில் மகள், "அம்மா, கத்தாம சொல்லேன்" என்பாள். நான் சும்மா உப்பு எடுத்துவரத்தான் சொல்லியிருப்பேன்.

கத்தாமல் முடியாது. ரத்தப் பரிசோதனைக்குக் கையை நீட்டினால் போதும், எக்ஸ்ரேவுக்கு அசையாமல் நின்றால் போதும். இந்த டெஸ்டில் மட்டும் நோயாளி தன் பலம் முழுவதையும் போட்டாக வேண்டும். மூச்சு முட்டுகிறது என்று வந்தவரிடம் "இருக்கிற மூச்சையெல்லாம் ஒரே தள்ளாகத் தள்ளுங்க" என்று கேட்பது கொஞ்சம் கொடுமைதான். பாதியில் விட்டுவிட்டால் மெஷின் பாதி எண்ணைத்தான் அச்சடிக்கும். காகிதத்தைப் பார்க்கும் டாக்டருக்கு அது நோயா, சோம்பலா என்று எப்படித் தெரியும்?

செய்வது சின்ன வேலை. மூக்கில் கிளிப். வாயில் அட்டைக் குழாய், உதடு இடைவெளி இல்லாமல் மூடியிருக்க வேண்டும். நெஞ்சு நிறைய இழுத்து, தாமதிக்காமல் வெடித்தாற்போல் ஊதி, காற்று தீரும் வரை விடாமல் ஊத வேண்டும். முன்பெல்லாம் பெரியவர்களுக்குக் குறைந்தது ஆறு நொடி என்று கணக்கு. 2019இல் வந்த புதிய நெறிமுறையில், திரையில் வரும் கோடு சமமாகப் படுக்கிறதா என்று பார், இல்லையென்றால் 15 நொடி வரை போ என்று மாற்றிவிட்டார்கள். என் தொண்டைக்கு இன்னும் ஆறுதான் பழக்கம். ஆறு நொடி என்ன பெரிய விஷயம் என்பவர்கள் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒருமுறை ஊதிப் பாருங்கள். நான்காவது நொடியில் உலகம் வேறு மாதிரி தெரியும்.

இப்படி மூன்று நல்ல ஊதல் வேண்டும். சிறந்த இரண்டுக்கும் நடுவே வித்தியாசம் 150 மில்லிக்குள் இருக்க வேண்டும். எட்டு முறைக்கு மேல் ஊதவைக்கக் கூடாது. கன்னத்தை பலூன் மாதிரி உப்பவைத்து ஊதுகிறவர் உண்டு. குழாய் வாய்க்குள் நாக்கைத் தக்கைபோல் வைத்து அடைத்துக்கொள்கிறவர் உண்டு. ஊதச் சொன்னால் உறிஞ்சுகிறவர்களும் உண்டு, அவர்களை இளநீர்க் கோஷ்டி என்போம். ஒருமுறை நாதஸ்வரக்காரர் ஒருவர் வந்தார். இவருக்கென்ன, ஊதித் தள்ளிவிடுவார் என்று நினைத்தேன். நாலு தடவையும் அளந்து அளந்துதான் விட்டார். காற்றைச் சேமித்துச் சேமித்துச் செலவழித்தே பழகிய மனுஷன், மொத்தமாகக் கொட்டச் சொன்னால் மனசு வரவில்லை.

ஊதுவதற்கு முன் சில கேள்விகள் கேட்பேன். சமீபத்தில் கண்புரை ஆபரேஷன் ஆனதா? மாரடைப்பு வந்ததா? சளியில் ரத்தம்? காலையில் பம்பு, அதாவது இன்ஹேலர், அடித்தீர்களா? கடைசிக் கேள்விக்கு முக்கால்வாசிப் பேர் பெருமையாக, "ரெண்டு தடவை அடிச்சுட்டுத்தான் வந்தேனுங்க, டெஸ்ட்டு நல்லா வரோணுமில்ல" என்பார்கள். நீல பம்பு அடித்திருந்தால் நாலு மணி நேரமாவது போக வேண்டும். டெஸ்ட் என்ற சொல்லே நம் ஆட்களைப் பரீட்சை மனநிலைக்குக் கொண்டுபோய்விடுகிறது. வெளியே வந்ததும் கேட்பது அனேகமாக ஒரே கேள்வி. "பாஸுங்களா?"

பெண்கள் வந்தால் முதலில் காதோடு ஒன்று சொல்வேன். "பாத்ரூம் போயிட்டு வந்துருங்கக்கா." பிரசவம் பார்த்த உடம்பு, வயிற்றை இறுக்கி ஊதும்போது இரண்டு சொட்டு ஒழுகிவிடும். அந்த பயத்திலேயே பலர் முழுசாக ஊத மாட்டார்கள், காரணத்தையும் சொல்ல மாட்டார்கள். என்னைப் பழக்கிய ஆண் டெக்னீஷியனுக்கு இது கடைசிவரை தெரியாது. பொம்பளைங்க சரியா கோஆபரேட் பண்றதில்லை என்று ரிப்போர்ட்டில் எழுதிக்கொண்டே ரிட்டயர் ஆனார்.

இந்தக் கருவிக்கு ஸ்பைரோமீட்டர் என்று பெயர் வைத்தவர் ஜான் ஹட்சின்சன், இங்கிலாந்து அறுவை மருத்துவர். 1846இல் தன் ஆய்வை வெளியிட்டார். அவருடைய கருவி ஆள் உயரத்துக்கு இருந்தது. தண்ணீர்த் தொட்டிக்குள் கவிழ்த்துவைத்த ஒரு மணி, ஊதினால் காற்று உள்ளே போய் மணி மேலே எழும்பும், எவ்வளவு எழும்பியது என்று அளவுகோலில் பார்த்துக்கொள்ளலாம். கோபர் கேஸ் டிரம் பார்த்திருந்தால் விளக்கம் தேவையில்லை. மாலுமி, போலீஸ், தீயணைப்பு வீரர், மல்யுத்தக்காரர், ஏழை விடுதிக்காரர் என்று இரண்டாயிரம் பேருக்கு மேல் ஊதவைத்தார். நுரையீரல் கொள்ளளவு உயரத்தோடு ஏறுகிறது என்று கண்டுபிடித்தார். இன்றும் நான் முதலில் செருப்பைக் கழற்றச் சொல்லி உயரம் பார்ப்பது அதனால்தான். இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு இது பயன்படும் என்பது அவருடைய பெரிய நம்பிக்கை. பிறகு எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆஸ்திரேலியா போய், 1861இல் பிஜியில் இறந்துபோனார்.

அவர் நிதானமாக ஊதச் சொன்னார். மொத்தம் எவ்வளவு என்பதுதான் அவர் கேள்வி. நூறு வருடம் கழித்து, 1947இல், பிரான்சில் ராபர்ட் டிஃபனோ, வேகமாக ஊதினால் முதல் நொடியில் எவ்வளவு வருகிறது என்று கேட்டார். குடத்தில் எவ்வளவு தண்ணீர் என்பது ஒன்று, கழுத்து எவ்வளவு அகலம் என்பது வேறொன்று இல்லையா? ஆஸ்துமாவிலும், சிஓபிடி என்கிற நாள்பட்ட மூச்சுக்குழல் அடைப்பு நோயிலும் கழுத்துதான் சுருங்குகிறது. மொத்தக் காற்றில் 70 சதவீதமாவது முதல் நொடியிலேயே வெளியே வந்துவிட வேண்டும். பம்பு கொடுத்த பிறகும் அதற்குக் கீழேயே நின்றால் அடைப்பு இருக்கிறது. திரையில் பார்த்தாலே தெரியும். நல்ல நுரையீரலின் கோடு மலை உச்சிபோல் ஏறி நேராகச் சரியும். அடைப்புள்ளவரின் கோடு, ஈரச் சேலை காயப்போட்ட கொடிபோல் நடுவில் தொய்ந்துவிடும். பதினோரு வருடத்தில் எண்ணைவிட அந்தத் தொய்வைத்தான் நான் நம்புகிறேன்.

எண்ணை நம்பாததற்குச் சொந்தக் கதை ஒன்று உண்டு.

முன்பு வேலை பார்த்த இடத்தில் இருந்தது டர்பைன் மெஷின். குழாய்க்குள் குட்டிக் காற்றாடி சுற்றும், எத்தனை சுற்று என்பதை வைத்துக் காற்றைக் கணக்கிடும். இப்போது என்னிடம் இருப்பது வலை வைத்தது. காற்று வலையைத் தாண்டும்போது முன்னும் பின்னும் அழுத்தம் சற்று மாறும், அந்த வித்தியாசத்திலிருந்து வேகம், வேகத்திலிருந்து கொள்ளளவு. எந்த மெஷினாக இருந்தாலும் காலையில் மூன்று லிட்டர் சிரிஞ்சால் அதற்குள் காற்றைத் தள்ளிப் பார்க்க வேண்டும். 2.91இலிருந்து 3.09க்குள் காட்டினால் அன்றைக்குக் கடை திறக்கலாம். அந்த இடத்தில் சிரிஞ்ச் கிடையாது. "மெஷின் வாங்கும்போதே செட் பண்ணித்தான் குடுத்தாங்க" என்பார் மேனேஜர். பட்ஜெட்டில் இல்லை என்பது அதன் பொருள்.

வேறு வழியில்லாமல் நானே மாதம் ஒருமுறை ஊதி, ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். என் உயரம் 158 சென்டிமீட்டர், எப்போதும் 2.7 லிட்டர் பக்கம் வரும். ஒரு மாதம் 2.5 வந்தது. தூங்காத உடம்பு என்று விட்டுவிட்டேன். அடுத்த மாதம் 2.3. அன்று இரவெல்லாம் தூக்கமில்லை. தினம் எத்தனை பேர் என் முகத்துக்கு நேரே இருமுகிறார்கள், டிபியாக இருக்குமோ என்று எக்ஸ்ரே வரைக்கும் போய்விட்டேன். எக்ஸ்ரே சுத்தம். அப்புறம்தான் காற்றாடியைக் கழற்றிப் பார்த்தேன். அச்சில் ஒரே ஒரு முடி சுற்றிக்கொண்டிருந்தது. நீளமான முடி, என்னுடையதாகக்கூட இருக்கலாம்.

முடியை எடுத்ததும் எனக்கு 2.7 வந்துவிட்டது. அந்த இரண்டு மாதம் ஊதிவிட்டுப் போனவர்களுக்கு? அவர்கள் ரிப்போர்ட் எல்லாம் ஃபைலுக்குள் போய்விட்டது. எத்தனை பேருக்கு இல்லாத குறை எழுதப்பட்டதோ. சொன்னேன், யாரையும் திரும்பக் கூப்பிடவில்லை. நாலு மாதத்தில் வேலையை விட்டேன்.

சரி, மெஷின் சரியாக அளந்தாலும் கதை முடிவதில்லை. அளந்ததை எதோடு ஒப்பிடுவது? வயது, உயரம், ஆணா பெண்ணா என்று போட்டால், இப்படிப்பட்டவருக்கு இவ்வளவு இருக்க வேண்டும் என்று மெஷின் சொல்லும். அந்த வயதிலேயே முட்டிக்கொள்வேன். ராமநாதபுரம் பக்கத்து அம்மா ஒருவர் மகன் வீட்டுக்கு வந்த இடத்தில் ஊத வந்தார். ஆதார் அட்டையில் 1.1.1957. "தனுஷ்கோடி அழிஞ்சப்ப எங்காத்தா வயித்துல இருந்தேன்" என்கிறார். புயல் வந்தது 1964 டிசம்பரில். எட்டு வருட வித்தியாசம். வயது ஏற ஏற எதிர்பார்ப்பு இறங்கும் என்பதால், எட்டு வருடத்துக்குக் கிட்டத்தட்ட 200 மில்லி மாறிவிடும். நான் அம்மாவை நம்பினேன். கூன் விழுந்தவர்களுக்கு உயரமும் பொய் சொல்லும், இரண்டு கைகளையும் விரிக்கச் சொல்லி விரல் நுனிக்கு விரல் நுனி அளப்போம்.

இதையெல்லாம்விட என்னை உறுத்துவது 'இனம்' என்ற கட்டம். பழைய மென்பொருள்கள் சில, வெள்ளைக்காரர் கணக்கை எடுத்து, நமக்கென்று பத்து சதவீதம் போலக் கழித்துவிடும். இந்தக் கழித்தலுக்குப் பின்னால் நல்ல வரலாறு இல்லை. 19ஆம் நூற்றாண்டில், லூசியானாவில் சாமுவேல் கார்ட்ரைட் என்ற மருத்துவர், கறுப்பின அடிமைகளுக்கு நுரையீரல் கொள்ளளவு குறைவு, வேலை வாங்குவதுதான் அவர்கள் உடம்புக்கு நல்லது என்று எழுத இந்தக் கருவியைத்தான் சாட்சிக்கு அழைத்தார். நம் ஊரில் சிலர் ஒழுங்காகச் செய்திருக்கிறார்கள். சென்னைக் காசநோய் ஆராய்ச்சி மையத்தினர் ஆரோக்கியமான சென்னை இளைஞர்களையே ஊதவைத்து, 1990இல் தோராக்ஸ் இதழில் கணக்கு வெளியிட்டார்கள். 2022இல் இனமே கேட்காத உலகப் பொதுச் சமன்பாடும் வந்துவிட்டது. எங்கள் மெஷினில் அந்தக் கட்டம் இன்னும் இருக்கிறது. எதைத் தட்டுகிறேனோ அதைப் பொறுத்து, அதே மூச்சு நோயாகும், நோயில்லாமலும் ஆகும்.

முதல் சுற்று ஊதியதும், மூச்சுக்குழலை விரிக்கும் சால்புடமால் பம்பு நாலு அடி, 400 மைக்ரோகிராம், ஸ்பேசர் என்ற குடுவை வைத்துக் கொடுப்போம். பதினைந்து நிமிடம் காத்திருந்து மறுபடி ஊத வேண்டும். எனக்குப் பிடித்தது அந்தப் பதினைந்து நிமிடம். ஊதிக் களைத்தவர்கள் பேச ஆரம்பிப்பார்கள். பீடியைத் தொட்டதேயில்லை, முப்பது வருடம் விறகடுப்பு ஊதினேன் என்று ஒரு அக்கா சொல்வார். ஊதாங்குழலுக்கும் என் அட்டைக் குழாய்க்கும் பெரிய வித்தியாசமில்லை என்று தோன்றும்.

போன மாதம் வந்த பெரியவருக்கு எழுபது வயதிருக்கும். சட்டைப் பையில் பேனா, மூக்குக் கண்ணாடி, மடித்த துண்டு. வாசலில் ஆங்கிலத்தில் இருந்த போர்டைப் பார்த்து, "இது ப்ளோ ரூமுங்களா அம்மிணி?" என்றார். "எனக்கென்னுங்க, முப்பத்தோரு வருசம் ப்ளோ ரூம்லதான் இருந்தேன்." மில்லில் பஞ்சுப் பொதியைப் பிரித்து அடித்துத் தூசி நீக்கும் இடத்துக்கு அதுதான் பெயர். சிரித்து முடிப்பதற்குள் இருமல் வந்துவிட்டது.

"லீவு முடிஞ்சு மொத நாள் உள்ள போனா நெஞ்சுல கயித்தப் போட்டு இறுக்குன மாதிரி இருக்குமுங்க. ரெண்டா நாள், மூணா நாள் சரியாப் போயிரும். லீவுதான் நமக்கு ஒத்துக்கலைன்னு பேசிக்குவோம்" என்றார். பிஸினோசிஸ் என்று அந்த நோய்க்குப் பெயர் உண்டு. பஞ்சுத் தூசியால் வருவது, தொழிலாளர் இழப்பீட்டுக்கான தொழில்நோய்ப் பட்டியலிலேயே இருக்கிறது. பீடி உண்டா என்று கேட்டேன். உண்டு, ஆனால் மில்லுக்குள் குடிக்க விடமாட்டார்கள், பஞ்சு பற்றிக்கொள்ளும் என்றார். தூசி எவ்வளவு, பீடி எவ்வளவு என்று என் மெஷின் பிரித்துச் சொல்லாது.

முதல் சுற்றில், முதல் நொடியில் 1.12 லிட்டர். மருந்துக்குப் பிறகு 1.19. ஆறு சதவீதம்தான். 12 சதவீதமும் 200 மில்லியும் ஏறினால்தான் மருந்துக்கு நன்றாகத் திறக்கிறது என்று சொல்லுவோம். அவருக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே கத்தினேன். ஈசிஜி தம்பி சுவரைத் தட்டினான்.

"ஏறிச்சுங்களா கண்ணு?"

"டாக்டர் சொல்லுவாருங்கய்யா." நாங்கள் அதற்கு மேல் சொல்லக் கூடாது. என் முகத்தை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, சரி என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். போகும்போது தான் ஊதிய அட்டைக் குழாயை எடுத்துப் பையில் வைக்கப் பார்த்தார். பேரனுக்காம், பீப்பீ ஊதுவானாம். எச்சில் பட்டது ஆகாதுங்கய்யா என்று வாங்கிக் குப்பையில் போட்டுவிட்டு, டப்பாவிலிருந்து புதுசாக ஒன்று எடுத்துக் கொடுத்தேன். அன்றைய ஸ்டாக் நோட்டில், உடைந்தது 1 என்று எழுதினேன்.